கொடார்ட் வீட்டு மூன்றாவது கிண்ணம்

கழுவ எடுத்த கிண்ணங்கள் மூன்றும் எச்சிலாக இருந்தன.

பேர்ணடெற் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றாள். மத்தியானம் சூப் குடித்தவர்கள் இரண்டு பேர்தான். மிஸ் கொடார்ட் ஒன்று, அவள் ஒன்று. மூன்றாவது கிண்ணத்தை மேசையில் வைப்பது இந்த வீட்டு வழக்கம், அவ்வளவுதான். வேலைக்கு வந்த முதல் நாளே எண்பத்தாறு வயதுக் கிழவி அவளிடம் சொல்லியிருந்தார்: "எத்தனை பேர் இருந்தாலும் ஒரு கிண்ணம் கூடுதலாக வை, பேர்ணி. அதில் கொஞ்சம் ஊற்று. ஆட்களை எண்ணிப் பார்க்காதே." வயது போனால் மனிதருக்கு இப்படி ஏதாவது வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்தாள். இரண்டு மாதமாக ஊற்றி வைத்தாள், ஆறி ஆடை படிந்த சூப்பைத் திரும்பக் கொட்டினாள். இன்றைக்குக் கொட்ட ஒன்றும் இருக்கவில்லை. கரண்டி உள்ளே சாய்ந்து கிடந்தது. அடியில் ஒரு பார்லி மணிகூட மிச்சமில்லை.

கிழவி யன்னலோரக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் கைகள் நடுங்கின. அந்தக் கையால் ஒரு கரண்டி சூப் வாய்வரை போகாது, பேர்ணடெற்தான் ஊட்ட வேண்டும். அப்படியென்றால் நானே குடித்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று அவள் யோசித்தாள். அப்படி நடக்கக் கூடியதுதான். அந்த வருடம் அவளுக்குப் பல்லு விளக்கியதும் நினைவில் நிற்பதில்லை, பஸ்ஸில் ஏறியதும் நினைவில் நிற்பதில்லை. மூன்று கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே ஸ்காபரோவின் நவம்பர் மாதத்து மத்தியானம், நாலு மணிக்கே மங்கிவிடும் வெளிச்சத்தோடு, ஒரு காரியமும் இல்லாமல் நின்றது.

வீட்டு வேலைக்கு வந்தவளுக்கு எழுத்து வேலையும் சேர்ந்து வந்திருந்தது. மிஸ் கொடார்ட் தன் குடும்பத்தின் சரித்திரத்தை ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி, வன்கூவரில் இருக்கும் பெறாமகளுக்குக் கொடுத்துவிட்டுச் சாக விரும்பினார். கையோ பேனாவைப் பிடிக்காது. ஒருநாள் பேர்ணடெற் எழுதிய சாமான் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்படி எழுத எங்கே பழகினாய்?" என்று கேட்டார். மன்னாரில் பங்குச் சுவாமிக்காக நாலு வருடம் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிய கை அது. பிறந்த பிள்ளைகளின் பெயர்களை முத்து முத்தாக எழுதிய கை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பழைய பைபிள் ஒன்று, பிஸ்கற் தகரம் நிறையக் கடிதங்கள், இங்கிலாந்தில் ஆட்களை எண்ணிக் குடிசனமதிப்பு எடுத்த கடதாசிகளின் போட்டோப் பிரதிகள் எல்லாம் மேசையில் பரவின. கிழவி வாசிப்பார், இவள் எழுதுவாள்.

விசேடமான குடும்பம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் கிழக்கே வின்டில்பி என்றொரு கிராமம். அதில் வண்டிச் சில்லுச் செய்கிற தோமஸ் கொடார்ட், மனைவி மேரி, ஐந்து பிள்ளைகள். ஒருவனைக் குதிரை உதைத்தது. ஒருத்தி பாதிரியார் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். பன்றி அடித்த நாள், கிணறு வற்றிய கோடை, வேலிச் சண்டையில் பத்து வருடம் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஊர் பேசாலையில் நடப்பதும் இதுதானே, பன்றிக்குப் பதிலாகச் சுறா என்று பேர்ணடெற் நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. வரவேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதலாவது வரியை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். கடதாசி அந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. வருடம் மட்டும் தப்பியிருந்தது: 1841.

"இதற்கு என்ன எழுத?" என்று கேட்டாள்.

"இடம் விடு" என்றார் மிஸ் கொடார்ட்.

அவள் ஒரு வரி இடம் விட்டாள்.

பேர்ணடெற்றுக்கும் ஒரு பிள்ளை இருந்தாள். வேரோனிக்கா. வயது பத்து ஆகப்போகிறது. முதல் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அவளுக்கு ஒரு வயது. பிறகு கனடாவிலிருந்து அகஸ்ரின் பெண் கேட்டு, கொழும்பில் தாலி கட்டி, இவளை ஸ்பொன்சர் செய்தான். அவன் கெட்டவன் இல்லை. "பிள்ளையின்ர பேரைப் போட்டால் தகப்பன்ர சம்மதக் கடிதம் கேப்பாங்கள். கடலோட போன மனிசனிட்டக் கடிதம் எங்க வாங்குறது? நீர் முதல்ல வாரும். பிறகு ரெண்டு பேருமாச் சேர்ந்து கூப்பிடுவம்" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். 1992இல் ரொறன்ரோ விமான நிலையத்தில், கண் சிவந்த ஒரு அதிகாரி நிரப்பிய போமைப் பார்த்துக்கொண்டே, "வேறு பிள்ளைகள் யாராவது?" என்று கேட்டான். அவள் "நோ" என்றாள். ஒரே ஒரு சொல். கையெழுத்தும் முத்து முத்தாக வைத்தாள்.

வேரோ மடுவில், அகதி முகாமில், பேர்ணடெற்றின் தங்கை ஜெயமலரோடு இருந்தாள். அவளைப் பற்றித் தாய்க்கு நினைவிருப்பதெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். கறிவேப்பிலை தின்னமாட்டாள், கோப்பை விளிம்பில் ஒவ்வொன்றாக நிரைக்கு வைப்பாள். தகரக் கதவைத் தட்டும்போது இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. தான்தான் வந்திருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியவேண்டுமாம்.

ஜனவரியில் லோயர் இராசரத்தினம் கூப்பிட்டு அனுப்பினார். வேரோவைக் கூப்பிடப் போட்ட மனுவுக்கு வந்த கடிதத்தை மேசையில் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, வந்திறங்கின அண்டைக்கு லாண்டிங்கிலயே பிள்ளை இல்லையெண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டியள். அவையின்ர கடதாசியில இப்பிடியொரு பிள்ளை இல்லை. இல்லாத பிள்ளையைக் கூப்பிடேலாது எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"அவள் இருக்கிறாள் தம்பி. மடுவில இருக்கிறாள்."

"எனக்குத் தெரியும் அக்கா. இன்னொரு மனு போடுவம். ஆனா நம்பிக்கொண்டு இராதேங்கோ."

அகஸ்ரின் தலையைக் குனிந்தபடி இருந்தான். அன்றைக்கு அவன் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "என்னில பிழைதான்" என்றான். அவள் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் கைவிட்டுத் தேடினாள், அழுகை இல்லை, கோபம் இல்லை. மரத்துப்போன காலை நுள்ளிப் பார்த்தது போல இருந்தது. அடுத்த நாள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனாள்.

கொடார்ட் வீட்டின் வாசல் படிக்குக் கீழே, பேஸ்மென்ற்றோடு சேர்ந்து, ஒரு குளிர் அறை இருந்தது. அந்தக் காலத்து ரொறன்ரோ வீடுகளில் கிழங்கும் ஊறுகாயும் வைக்கக் கட்டியது. மரக்கதவு, வெளியே ஒரு கொளுக்கி. சூப்புக்கு ரேணிப் கிழங்கு எடுக்க அவள் அங்கே இறங்குவாள். ஈர மண்ணும், மரத்தூளும், வெட்டிய கிழங்கும் கலந்த மணம். மரத்தூள் மணம் எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை, கிழவியின் தகப்பன் அங்கே மரவேலை செய்து அறுபது வருடம் இருக்கும். அந்தக் கிழமை அவள் பேஸ்மென்ற்றுக்கு இறங்கும் கடைசிப் படியில் நிற்கும்போது கதவின் மறுபக்கத்தில், கீழே, அவள் இடுப்பளவுக்கும் தாழ, ஏதோ மரத்தைப் பிராண்டியது. நிதானமாக. களைத்த ஆள் செய்யும் வேலை போல. அணிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தாள். அணில் இல்லை. கிழங்குகள் இருந்தன. ஒன்றில் சின்னப் பல் தடம் இருந்தது.

மேலே வந்து கிழவியிடம் கேட்டாள்: "கீழே யார்?"

மிஸ் கொடார்ட் பைபிளில் சுரண்டிய வரியைப் பார்த்தார். பிறகு, பன்றி அடித்த கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னார். தோமஸைக் கட்டுவதற்கு முன்பே மேரிக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தாளாம். 1851ஆம் ஆண்டு, மார்ச் மாத முடிவில், அரசாங்கத்து ஆள் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தான். முறை தெரியாத பிள்ளையின் பெயரை ஊர் முழுக்க வாசிக்க எழுதிக் கொடுப்பதா என்று தோமஸ் அவளைக் கிழங்குக் குழிக்குள் விட்டுக் கதவைப் போட்டார். வாசலில் நின்று, வேறு பிள்ளை இல்லை என்றார். அன்று பின்னேரமே பக்கத்து ஊரில் வண்டி ஒன்று குடைசாய்ந்து, அவரைக் கூப்பிட்டுப் போனார்கள். மேரிக்குக் காய்ச்சல். நாலு நாள் குழிக் கதவை யாரும் திறக்கவில்லை.

"யாரும் தேடவில்லையா?"

"யார் தேடுவது? எந்தக் கடதாசியிலும் அவள் இல்லையே." கிழவி தன் நடுங்கும் கையைப் பார்த்தார். "பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவளை விட்டுவிட்டு வரத்தான் தோமஸின் பேரனான என் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தார். வந்து முதல் சாப்பாட்டுக்கே அம்மா ஒரு கிண்ணம் கூடுதலாக எடுத்து வைத்தார். அன்றைக்கு வாசலில் ஒருவர், 'ஓம், இருக்கிறாள்' என்று சொல்லியிருந்தால் போதும், பேர்ணி. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது."

மாதாவே, என்று பேர்ணடெற் மனதுக்குள் சொன்னாள்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம், கிழவி தூங்கிய பிறகு, புத்தகம் அவள் முன்னால் திறந்து கிடந்தது. தோமஸ், மேரி, பிறகு அந்த வெற்று வரி, பிறகு மற்றப் பிள்ளைகள். அவள் பேனாவை எடுத்தாள். எதற்கு எழுதினாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டாள். ஒரு பட்டியலில், ஒரு வீட்டில், ஒரு தாய்க்குக் கீழே அந்தப் பெயரை ஒருக்காவது பார்க்கவேண்டும் போலிருந்தது. அந்தச் செத்த பிள்ளைக்கும் ஒரு பெயர் கிடைக்கும், யாருக்கு என்ன நட்டம்? வெற்று வரியில், ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவது போல ஆறுதலாக, வேரோனிக்கா, மகள், வயது பத்து என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது.

அன்றோடு பிராண்டல் நின்றது. ஆனால் மூன்றாவது கிண்ணம் ஒவ்வொரு நாளும் காலியானது. துப்புரவாக, கரண்டி நேராக வைக்கப்பட்டு, சாப்பிடப் பழகிய பிள்ளை சாப்பிட்டது போல. நடையில் சில வேளைகளில் மரத்தூள் மணம் வந்தது. அதற்கு முன் அந்த மணம் கீழேதான் இருந்தது. கிழவி கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மே மாதம் ஜெயமலரின் கடிதம் வந்தது. மார்ச்சில் எழுதியது. கிங்ஸ்ரன் றோட் பஸ்ஸில் நின்றபடியே பேர்ணடெற் வாசித்தாள்.

"அக்கா, வேரோவுக்கு என்னமோ செய்யுது. மாசி மாதத்தில ஒருநாள் பின்னேரம் தொடக்கம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறாள் இல்லை. அது இப்ப வேற ஆளின்ர பேராம். செல்லடிக்கு வெட்டி வைச்ச பங்கருக்குள்ள போய் இருக்கிறாள். இப்ப செல்லடியும் இல்லை, பொம்பரும் இல்லை, ஏன் பிள்ளை உள்ள இருக்கிறாய், வெளியில வா எண்டால், கதவைப் பூட்டிப்போட்டினம் சித்தி, திறக்கேலாது எண்டு அழுகிறாள். அக்கா, எங்கட பங்கருக்குக் கதவே இல்லை. உடம்பு ஐஸ் மாதிரிக் குளிருது. சுவாமி வந்து செபம் சொல்லிப்போட்டுப் போனார். நீ கெதியாக் கூப்பிடு."

இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டது. திரும்பி நடந்தாள். வசந்தகால வெயில், யாரோ புல்லு வெட்டும் சத்தம், பச்சை மணம். கடிதத்தில் இருந்தது அவளுக்கு விளங்கியது. அந்த வெற்று வரியில் யாருடைய பெயரை எழுதினாள் என்பதும் சேர்த்து எல்லாமே விளங்கியது. பயம் மட்டும் எங்கேயோ தூரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்டது.

வீட்டுக்குள் போனதும் பையை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள், புத்தகத்தைத் திறந்தாள். பெயர் மேல் கத்தி முனையை வைத்தாள். அப்படியே நின்றாள். சுரண்டினால் என்ன நடக்கும் என்று அவள் அந்தப் பைபிளில் பார்த்திருக்கிறாள். கத்தியைத் திரும்ப வைத்தாள்.

அப்போதுதான் கேட்டது. கீழே, குளிர் அறைக் கதவில்.

இரண்டு தட்டு. நிறுத்தம். ஒன்று.

அவள் படியில் விழுந்தடித்து இறங்கிக் கொளுக்கியை இழுத்துக் கதவைத் திறந்தாள். இருட்டு. கிழங்கு. குளிர். யாரும் இல்லை. கதவை மூடினாள். மூடிய கதவில், அவள் கை இன்னும் கொளுக்கியில் இருக்கும்போதே, மறுபக்கத்தில் இருந்து திரும்பத் தட்டியது.

"வேரோ?"

இரண்டு. நிறுத்தம். ஒன்று.

கதவைத் திறந்து பிரயோசனம் இல்லை. அது திறக்கிற கதவு அல்ல. வாசலில் நின்று ஒருவர் சொல்லவேண்டும். ஓம், இருக்கிறாள் என்று. கிழவி சொன்னது அதுதான். மேலே குசினி மேசையில் கிடந்த பேப்பரில் குடிசனமதிப்பு விளம்பரம் இருந்ததை அவள் உள்ளே வரும்போதே கண்டிருந்தாள். இந்தக் கிழமை கனடா முழுக்க எண்ணுகிறார்கள். பக்கத்துத் தெருவுக்கு நேற்று வந்துவிட்டார்கள்.

யார் வந்தாலும் சொல்லுவேன் என்று பேர்ணடெற் முடிவெடுத்தாள். கிழவிக்கு மத்தியானச் சூப்பை ஊட்டினாள். மேசையில் மூன்று கிண்ணம். தனக்குக் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை, பசிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். யெஸ். வன் டோட்டர். வேரோனிக்கா. திரும்பவும். யெஸ். வன் டோட்டர். கீழே தட்டுவது நிற்கவில்லை. ஆனால் மெலிந்துகொண்டு வந்தது.

மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது.

வாசல் படியில் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போம், பேனா. நல்ல சிரிப்பு. குடிசனமதிப்புக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். அவள் நின்ற சீமெந்துப் படிக்குக் கீழேதான் குளிர் அறை. அவள் சப்பாத்துக்கு நேர் கீழே, மிக மெல்லியதாக, தட்டல்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை.

"இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"மிஸ் கொடார்ட் இருக்கிறார். நான் வேலைக்கு வருகிறவள்."

பேனா எழுதியது. கண் போமில் இருந்து எழவில்லை.

"பிள்ளைகள் யாராவது?"

இரண்டு தட்டு. நிறுத்தம்.

பேர்ணடெற் வாயைத் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள். போமைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

"நோ" என்றாள்.

அவள் சொல்லவில்லை. வாய் சொன்னது. நாலு வருடத்துக்கு முன் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில், மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்புவிப்பது போல. அந்தப் பெண் நன்றி சொல்லிப் படியிறங்கினாள். "நில்லுங்கோ" என்று தமிழில் கூப்பிட்டது பேர்ணடெற்தான். அது வாயைத் தாண்டி வெளியே வரவில்லை. பெண் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே யாரோ சிரித்துக் கதைத்தார்கள்.

படிக்குக் கீழே சத்தம் இல்லை.

அவள் காத்திருந்தாள். அந்த ஒற்றைத் தட்டு வரவில்லை.

"என்ன சொன்னாய், பேர்ணி?" என்று கிழவி உள்ளிருந்து கேட்டார். கதவைச் சாத்தினாள். நடையில் மரத்தூள் மணம். அதோடு இன்னொரு மணம், தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய். கால் தானாகக் குசினிக்குப் போனது. கழுவாத கிண்ணங்கள் மேசையில் இருக்கும். மூன்று. மிஸ் கொடார்ட்டினது. தான் தொடாதது. கரண்டி நேராக வைத்த மூன்றாவது.

எண்ணிப் பார்க்காதே.

எண்ணினாள்.

மேசையில் நாலு கிண்ணம். சோற்றுப் பெட்டி திறந்து, வெறுமையாகக் கிடந்தது. நாலாவது கிண்ணத்துக்குக் கரண்டி இல்லை. பருப்பும் சோறும் சின்ன விரல்களால் வழித்துத் தின்ற தடம் அடியில் இன்னும் ஈரமாக இருந்தது. விளிம்பில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, கறிவேப்பிலைகள் நிரைக்கு வைக்கப்பட்டிருந்தன.